கவர்னர் பட்டியலில் தனுஷ்கோடி ஆண்டைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழோடு வரும் போட்டித் தேர்வு இணைப்பில், சுதந்திரத்துக்குப் பிறகு நம் மாநிலத்துக்கு வந்த ஆளுநர்களின் பட்டியலை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் அதை வெட்டி, அட்டையில் ஒட்டி, சுவரில் மாட்டியும் ஆகிவிட்டது. குரூப் 4 எழுதப் போகிற பிள்ளைகள் சாயங்காலம் வந்து அதைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல காரியம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் 1964-66 என்று போட்டு, எதிரே ஜெயசாமராஜ உடையார் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

1964 டிசம்பர் 22 ராத்திரி எங்கள் கடற்கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயலில் தனுஷ்கோடி போனது, பயணிகளோடு ரயில் போனது, பாம்பன் ரயில் பாலத்தின் கண்கள் கடலுக்குள் போயின. அப்போது முதலமைச்சர் பக்தவத்சலம். கவர்னர் யார் என்று கேட்டால் உங்கள் பட்டியலைப் படித்த பிள்ளை யோசிக்காமல் உடையார் என்றுதான் சொல்லும். ஆனால் அந்த வருடம் நவம்பர் 24 முதல் அடுத்த வருடம் டிசம்பர் 7 வரை பொறுப்பு ஆளுநராக இருந்தவர் பி. சந்திர ரெட்டி, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. ஒரு வருடத்துக்கும் மேலே. தனுஷ்கோடி அழிந்ததும், 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்து மாநிலம் முழுக்கத் துப்பாக்கிச் சூடு நடந்ததும் அவர் அந்த நாற்காலியில் இருந்தபோதுதான். அவர் பெயர் உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை.

சரி, ஒருவர் விட்டுப்போயிருப்பார் என்று மற்றதையும் சரிபார்த்தால், பொறுப்பாக இருந்தவர்கள், கூடுதல் பொறுப்பாகப் பார்த்தவர்கள் அத்தனை பேரையும் வடிகட்டிவிட்டுத்தான் பட்டியலைப் போட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ராஜமன்னார், சந்திர ரெட்டி, கோவிந்தன் நாயர், மு.மு. இஸ்மாயில், கிருஷ்ண காந்த், சி. ரங்கராஜன், வித்யாசாகர் ராவ் எல்லாரும் அவுட். உஜ்ஜல் சிங் 1966 ஜூனில் வந்து முதல் ஒரு வருடம் பொறுப்பாகத்தான் இருந்தார், 1967 ஜூனில்தான் முழு ஆளுநர் ஆனார். அந்த மார்ச்சில் அண்ணாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தபோது அவர் பொறுப்புதான். அதையும் ஒரே வரியாக அடித்துவிட்டீர்கள். இடம் பத்தாமல் செய்திருப்பீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் நம் மாநிலத்தின் கவர்னர் வரிசையில் சரித்திரம் அதிகமாகக் கிடப்பது நீங்கள் வெட்டிய அந்த இடைவெளிகளில்தான் என்பது என் வாதம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வருகிறது, துணை முதல்வர் இருக்கிறார், துணைக் குடியரசுத் தலைவர் இருக்கிறார், துணை ஆளுநர் ஏன் இல்லை என்று. நல்ல கேள்வி. நம் அரசியல் சட்டத்தில் மாநிலங்களுக்கு அப்படி ஒரு பதவியே வைக்கவில்லை. 155ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் கையெழுத்து, முத்திரையோடு நியமனம். 156ஆவது பிரிவின்படி அவர் விரும்பும் வரை பதவி, பொதுவாக ஐந்து வருடம், அது முடிந்தாலும் அடுத்தவர் வந்து பதவி ஏற்கும் வரை இவரே தொடரலாம். நடுவில் செத்துப்போனாலோ ராஜினாமா செய்தாலோ நீண்ட விடுப்பில் போனாலோ 160ஆவது பிரிவில் குடியரசுத் தலைவர் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். அந்த ஏற்பாடு பழைய காலத்தில் என்னவென்றால், தலைமை நீதிபதியைக் கூப்பிட்டு உட்கார வைப்பது. 1956இல் ஏழாவது திருத்தம் வந்து ஒரே ஆள் இரண்டு மாநிலத்துக்கும் கவர்னராக இருக்கலாம் என்று ஆன பிறகு மெல்ல மெல்ல வழக்கம் மாறி, பக்கத்து மாநிலத்து ஆளுநரிடம் கூடுதலாகக் கொடுப்பது என்று ஆகிவிட்டது. நம் ஊரில் தலைமை நீதிபதியைக் கூப்பிட்டது 1980இல் இஸ்மாயிலோடு நின்றுபோனது. அதற்கப்புறம் ஹைதராபாத்திலிருந்து இரண்டு பேர், மும்பையிலிருந்து ஒருவர்.

இஸ்மாயில் அவர்கள் நாகூர்க்காரர், கம்பராமாயணத்தைக் கரைத்துக் குடித்தவர், சென்னைக் கம்பன் கழகம் என்றாலே அவர் ஞாபகம்தான் வரும். ஒரு வாரம்தான் கிண்டி ஆளுநர் மாளிகையில் இருந்தார், 1980 அக்டோபர் 27 முதல் நவம்பர் 4 வரை. ஒரு வாரத்துக்கு ஒரு வரி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஒரு வாரம் எப்படி வந்தது என்று பாருங்கள். அதற்கு முன்னால் இருந்தவர் பிரபுதாஸ் பட்வாரி, குஜராத்துக்காரர், காந்தியவாதி, வக்கீல். நெருக்கடி நிலைக் காலத்தில் சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸோடு பரோடா டைனமைட் வழக்கில், அதாவது அரசுக்கு எதிராக வெடி வைக்கச் சதி செய்தார்கள் என்ற வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர். 1977இல் ஜனதா ஜெயித்ததும் வழக்கு போயிற்று, அவரைத் தமிழ்நாட்டுக்குக் கவர்னராக அனுப்பினார்கள். நேற்று வரை விசாரணைக் கைதி, இன்று கிண்டி மாளிகை. அப்புறம் 1980இல் இந்திரா காந்தி மறுபடி வந்தார், அக்டோபரில் பட்வாரியைப் பதவியை விட்டே நீக்கினார்கள். ராஜினாமா இல்லை, மாற்றல் இல்லை, நீக்கம். உங்கள் பட்டியலில் இத்தனையும் '1977-1980' என்ற எட்டு எண்ணுக்குள் அடங்கிவிட்டது. பக்கத்திலேயே ரோசய்யாவுக்கு '2011-2016' என்று இருக்கிறது, அவர் ஐந்து வருடத்தையும் முழுசாக முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர். படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே தெரியும்?

இனி எங்கள் கடற்கரைக்கு வருகிறேன். இங்கே டீக்கடையில் கவர்னர் பேச்சு வந்தால் பெரியவர்கள் சிலர், அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், பெரிய மனுசங்க வந்தா நம்ம கடையத்தான் மூடச் சொல்வாங்க என்று எழுந்து போய்விடுவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்த ராமநாதபுரம் கரையின் தலையெழுத்தில் இரண்டு பெரிய விஷயங்கள், ஒன்று கெட்டது, ஒன்று நல்லது, நடந்தபோது மாநிலத்தில் முதலமைச்சரே கிடையாது, கவர்னர் ஆட்சிதான், ஜனாதிபதி ஆட்சி என்று சொல்வார்களே, அது.

முதலாவது கச்சத்தீவு சமாச்சாரம். எல்லாரும் 1974 என்றுதான் பேசுவார்கள். 1974 ஜூனில் தீவு இலங்கைப் பக்கம் போகும்படி ஒப்பந்தம் ஆனது உண்மை. ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே, நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம் என்று ஒரு பிரிவு இருந்தது, படகுகளின் பாரம்பரிய உரிமை பற்றியும் ஒரு பிரிவு இருந்தது. மீன் பிடிப்பதையே அடைத்துப் போட்டது 1976 மார்ச் 23இல் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதம். இந்தியப் படகுகள் இலங்கைக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது, அவர்கள் நம் கடலில் பிடிக்கக் கூடாது என்று அதில்தான் வந்தது. அந்த மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டில் யார் ஆட்சி? ஜனவரி 31ஆம் தேதியே கருணாநிதி அரசைக் கலைத்தாகிவிட்டது. கவர்னர் கே.கே. ஷா, அவர் அனுப்பிய அறிக்கையை வைத்துத்தான் கலைத்தார்கள், அப்புறம் ஆண்டதும் அவரே, பக்கத்தில் டெல்லி கொடுத்த ஆலோசகர்கள். மேலே நெருக்கடி நிலை வேறு.

இதில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடுவது டெல்லி வேலை, சென்னையில் சட்டமன்றம் இருந்திருந்தாலும் அதைத் தடுத்து நிறுத்தியிருக்க முடியாது. 1974இல் சட்டமன்றம் இருந்ததே, ஆகஸ்டில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்களே, என்ன ஆனது என்று கேட்டால் பதில் இல்லைதான். ஆனால் 1974இல் தீர்மானம் போடவாவது ஒரு சபை இருந்தது, நம் ஊர் எம்.எல்.ஏ. எழுந்து நிற்க ஓர் இடம் இருந்தது. 1976இல் அதுவும் இல்லை, எழுதுவதற்குப் பத்திரிகைகளுக்கும் தணிக்கை. இன்றைக்கு விசைப்படகு பிடிபட்டு, ஆட்கள் யாழ்ப்பாணம் சிறையிலோ புழலிலோ (அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே) கிடக்கிற ஒவ்வொரு முறையும் கட்சிக்காரர்கள் நீ கொடுத்தாய், நான் கொடுத்தேன் என்று மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். அந்த மார்ச் மாதத்தில் கிண்டியில் யார் இருந்தார் என்று ஒரு ஆள் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஜனாதிபதி ஆட்சி 1977 ஜூன் 30 வரை நீடித்தது. அதற்குள் எத்தனை கவர்னர் தெரியுமா? 1976 ஜூனில் ஷா போய், ராஜஸ்தானில் பதினேழு வருடம் முதலமைச்சராக இருந்த மோகன்லால் சுகாதியா வந்தார். நாடாளுமன்றத் தேர்தலில் இந்திரா தோற்றதும் 1977 ஏப்ரலில் அவர் போனார். நடுவில் சில நாள் தலைமை நீதிபதி கோவிந்தன் நாயர். ஏப்ரல் 27இல் பட்வாரி. ஆக முதலமைச்சர் இல்லாத ஒரே காலத்துக்குள் நான்கு பேர் மாறி மாறி ஆண்டிருக்கிறார்கள், ஜூன் கடைசியில் எம்.ஜி.ஆர். பதவி ஏற்கும் வரை. நாலாவது ஆளைத் தவிர மற்ற யாரையும் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, நாலாவது ஆளையும் எம்.ஜி.ஆர். புகைப்படத்தில் பக்கத்தில் நிற்பதால்தான் தெரியும்.

இரண்டாவது விஷயம் நல்லது. பாம்பன் சாலைப் பாலம். 1914இல் ரயில் பாலம் வந்தபோது கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. அதிலிருந்து எழுபது வருடத்துக்கு மேலே எங்கள் ராமேஸ்வரம் தீவுக்கு வண்டியில் வர வழியில்லை, ரயில் அல்லது படகு. 1988 அக்டோபர் 2இல் ராஜீவ் காந்தி வந்து சாலைப் பாலத்தைத் திறந்தார். அப்போதும் முதலமைச்சர் கிடையாது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்து, ஜானகி அம்மாள் ஜனவரியில் பதவி ஏற்று, அந்த மாதக் கடைசியில் சட்டமன்றத்தில் அடிதடி நடந்து ஆட்சி கலைந்து, ஒரு வருடம் கவர்னர் ஆட்சி. கலைத்த நாளில் கவர்னர் குரானா, பிப்ரவரி 17 முதல் பி.சி. அலெக்சாண்டர். இந்திரா காந்திக்கும் ராஜீவுக்கும் முதன்மைச் செயலாளராக இருந்தவர், டெல்லிக்கு நேர் ஆள். பாலத்தின் கல்வெட்டை எத்தனையோ பேர் செல்ஃபி எடுக்கிறார்கள், அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு முதல்வர் இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஜனாதிபதி ஆட்சி இங்கே நான்கு தடவை வந்தது, 1976, 1980, 1988, 1991. அதில் மூன்று ஜனவரி 30, 31 தேதிகளில் வந்தவை, எதற்கு அந்தத் தேதி அவ்வளவு பிடித்துப்போனதோ.

1991 கதைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் ஒரு கவர்னர் முடியாது என்று சொன்னார். சுர்ஜித் சிங் பர்னாலா. விடுதலைப் புலிகள் நடமாட்டத்தைத் தி.மு.க. அரசு கண்டுகொள்ளவில்லை என்று டெல்லி சொன்ன காலம், எங்கள் கரைதான் எல்லார் வாயிலும். ஆட்சியைக் கலைக்க அறிக்கை கொடு என்று கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. 356ஆவது பிரிவில் கவர்னர் அறிக்கை வந்தாலோ, அல்லது வேறு விதமாகத் தெரியவந்தாலோ என்று இருக்கிறது, அந்த இரண்டாவது வழியில் கலைத்தார்கள். அறிக்கை கொடுக்காத பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள், அவர் போகாமல் ராஜினாமா செய்தார். இந்த மனிதர் யார் என்றால், பஞ்சாபில் அகாலி தளத்தின் முதலமைச்சராக இருந்து 1987இல் தன் ஆட்சியையே இதே 356இல் பறிகொடுத்தவர். பட்டது மறக்கவில்லை போலிருக்கிறது.

இவரே 2004 நவம்பரில் மறுபடி இங்கே கவர்னராக வந்து 2011 ஆகஸ்ட் வரை இருந்தார். நியமனத்தில் கையெழுத்துப் போட்ட குடியரசுத் தலைவர் யார்? எங்கள் ராமேஸ்வரம் அப்துல் கலாம். மசூதித் தெருவில் பிறந்த மனிதர் கையெழுத்தில் ஒருவர் கிண்டிக்கு வருகிறார் என்பது எங்களுக்குப் பெருமையான சங்கதி, உங்கள் இணைப்பில் அதைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் பர்னாலாவுக்கு '1990-91', '2004-2011' என்று இரண்டு இடத்தில் வரி போட்டுவிட்டு, இருவரும் ஒரே ஆள் என்றுகூடச் சொல்லவில்லையே, ஒரு பிள்ளை அப்பா மகனா என்று என்னிடம் கேட்டது.

கலாம் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அது பெருமை இல்லை. 2004 ஜூலையில் டெல்லியில் ஆட்சி மாறியதும் உத்தரப் பிரதேசம், குஜராத், ஹரியானா, கோவா நான்கு மாநில கவர்னர்களை ஒரே மூச்சில் நீக்கினார்கள். அந்த உத்தரவிலும் கலாம் கையெழுத்துதான், அமைச்சரவை சொன்னால் போட வேண்டியதுதான். அந்த வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு, மத்தியில் ஆளும் கட்சிக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக மட்டும் ஒரு கவர்னரை நீக்கக் கூடாது, காரணத்தை வெளியே சொல்ல வேண்டியதில்லை என்றாலும் மனம்போன போக்கில் நீக்கினால் நீதிமன்றம் பார்க்கும் என்றது. இதெல்லாம் பட்வாரி காலத்தில் இருந்திருந்தால் அவர் ஒரு வழக்காவது போட்டிருப்பார், வக்கீல் அல்லவா.

அடுத்து அந்தக் கூடுதல் பொறுப்புக்காரர்கள். ஏதோ நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று துண்டு போட்டு வைத்தவர்கள் என்று நினைத்துத்தான் விட்டிருப்பீர்கள். ஓ. பன்னீர்செல்வத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் தொகுதியில் 2024இல் பலாப்பழத்தோடு நின்றவர், அதனால் எங்களுக்குத் தெரிந்தவர்தான். அவர் மூன்று தடவை முதலமைச்சராகப் பதவி ஏற்றார். 2001 செப்டம்பரில் பிரமாணம் செய்து வைத்தவர் ரங்கராஜன், ரிசர்வ் வங்கியில் இருந்தவர், ஆந்திர ஆளுநர், நமக்குக் கூடுதல் பொறுப்பு. 2014இல் ரோசய்யா. 2016 டிசம்பரில் ஜெயலலிதா இறந்த அந்த ராத்திரியே வித்யாசாகர் ராவ், மகாராஷ்டிர ஆளுநர், இவரும் கூடுதல் பொறுப்பு. மூன்றில் இரண்டு தடவை உங்கள் பட்டியலில் இல்லாத ஆள்! வித்யாசாகர் ராவ் 2016 செப்டம்பர் முதல் 2017 அக்டோபர் வரை பார்த்தார். அந்தக் காலத்துக்குள்தான் அப்போலோ, மரணம், தர்மயுத்தம், கூவத்தூர், எடப்பாடி பதவியேற்பு, நம்பிக்கை ஓட்டு எல்லாம். 2017 பிப்ரவரியில் மாநிலமே கவர்னர் எப்போது வருவார் என்று மும்பை விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு முழுநேர ஆளை ஒரு வருடத்துக்கு மேல் போடாமல் இருந்ததும் ஒரு முடிவுதான், அதுவும் வரலாறுதான். '2011-2016 ரோசய்யா, 2017-2021 பன்வாரிலால் புரோகித்' என்று போட்டுவிட்டு நடுவில் இருப்பதைத் தாண்டிப்போனால் எப்படி?

ரங்கராஜனுக்கு முன்னால் இருந்த பாத்திமா பீவி அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் போக மனசில்லை. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, நமக்கு முதல் பெண் ஆளுநர். 2001 மே மாதம், தேர்தலில் நிற்கவே தகுதி இல்லாதிருந்த ஜெயலலிதாவுக்கு, பெரும்பான்மை இருக்கிறது என்று பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். ஜூன் 30 விடிகாலை கருணாநிதியைக் கைது செய்த விவகாரத்தில் அவர் அனுப்பிய அறிக்கை டெல்லிக்குப் பிடிக்கவில்லை, திரும்ப அழைக்கச் சொல்லி வாஜ்பாய் அமைச்சரவை முடிவெடுத்ததும் ராஜினாமா செய்துவிட்டார். செப்டம்பரில் அந்தப் பதவிப் பிரமாணமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் செய்தது சரியா தவறா என்றால் என் கணக்கில் தவறுதான். ஆனால் முதல் பெண் ஆளுநர் யார் என்ற ஒரு மார்க் கேள்வியாக மட்டும் அவரைச் சுருக்கிவிட்டோமே என்றுதான் கொஞ்சம் வருத்தம்.

முதல் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் இந்திய ஆளுநர் யார் என்று உங்கள் இணைப்பின் கடைசியில் கேட்டு, பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார் சிங்ஜி என்று விடை கொடுத்திருந்தீர்கள். 1948 செப்டம்பர் 7இல் அவர் வந்தது சரி, அது வரை, சுதந்திரம் வந்து ஒரு வருடம் தாண்டியும், ஆர்ச்சிபால்ட் நை என்ற வெள்ளைக்காரர்தான் கவர்னர் என்பதும் சரி. ஆனால் 1934இல் மூன்று மாதம் முகமது உஸ்மான் பொறுப்பு ஆளுநராக இருந்தாரே, 1936இல் கே.வி. ரெட்டி இருந்தாரே? கேள்வியில் 'முழுநேர' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் சண்டை இல்லை. ராஜமன்னாரைக்கூடச் சேர்க்காமல் விட்டது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. 1957இல் ஏ.ஜே. ஜான் பதவியில் இருக்கும்போதே இறந்தபோது பொறுப்பு ஆளுநராக வந்து 1958 ஜனவரி வரை இருந்தவர் அவர். அதே ராஜமன்னார் தலைமையில்தான் 1969இல் தி.மு.க. அரசு மத்திய மாநில உறவு பற்றிக் குழு போட்டது, 1971இல் அறிக்கை வந்தது, அதில் கவர்னரை மாநில அமைச்சரவையைக் கேட்டுத்தான் நியமிக்க வேண்டும் என்ற பரிந்துரையும் உண்டு. கொஞ்ச நாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதிய அறிக்கை என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் குழுவின் பெயரும் மறக்காது, ஆளும் மறக்காது.

வெள்ளைக்காரன் காலத்துக்கு நான் போகவில்லை, போனால் நீங்கள் கடிதத்தையே போட மாட்டீர்கள். ஒன்றே ஒன்று. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 ஆகஸ்டில் சென்னைக்குக் கவர்னராக வந்து இறங்கினார். மறு மாதமே எங்கள் ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் ரகளை. 1799இல் கயத்தாறு, 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள், 1803இல் சேதுபதி சீமையை மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீன் ஆக்கிக் கொடுத்தது, எல்லாம் இந்த ஒரே ஆள் காலம். நாங்கள் ஜாக்சனையும் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பானர்மேனையும் திட்டுவோம், மேலே இருந்து கையெழுத்துப் போட்டவன் பெயர் ஒருவனுக்கும் தெரியாது. அந்தக் காலத்திலும் எப்படிப் போனார்கள் என்று பார்த்தால் தமாஷாகத்தான் இருக்கும். சென்னைக் கவர்னர் பிகாட் பிரபுவை 1776இல் சொந்தக் கவுன்சில்காரர்களே கைது செய்து அடைத்தார்கள், தஞ்சாவூர் விவகாரத்தில், அடுத்த வருடம் காவலிலேயே செத்தார். இன்றைக்கு நம் ஆட்கள் கவர்னரோடு போடுகிற சண்டையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆகையால் என் வேண்டுகோள். பட்டியலை இன்னொரு தடவை போடுங்கள். பொறுப்பு, கூடுதல் பொறுப்பு எல்லாரையும் தேதியோடு சேருங்கள், வருடம் மட்டும் போட்டால் சந்திர ரெட்டிபோல ஆட்கள் காணாமல் போய்விடுவார்கள். கடைசியில் ஒரு கட்டம் சேர்த்து, காலம் முடிந்ததா, ராஜினாமாவா, நீக்கமா, மாற்றலா, மரணமா என்று ஒரே ஒரு சொல் போடுங்கள். ஜனாதிபதி ஆட்சி நடந்த நான்கு காலங்களுக்கும் பின்னணியில் லேசாக வேறு நிறம் கொடுத்தால் இன்னும் நல்லது. இதெல்லாம் தேர்வில் கேட்க மாட்டார்கள் என்று உங்கள் இணைப்பைத் தயாரிக்கிற தம்பிகள் சொல்வார்கள். கேட்காவிட்டால் போகட்டும்.

புகைப்படம் போட இடம் வேண்டும் என்றால் கிண்டி மாளிகைப் படத்தை எடுத்துவிடுங்கள், அதை எல்லாரும் பார்த்தாகிவிட்டது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், எங்கள் படிப்பகத்தில் சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வருகிறது. பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட ஆணி அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.